எலிக்கு எதற்கு இத்தனை வயலின்?

குழந்தைகளுக்கான அனிமேஷன் படங்களின் இசையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியவர், போகிற போக்கில் 1982இல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் நிம்' படத்தைப் பிடித்திழுத்து நாலு சாத்து சாத்திவிட்டுப் போயிருக்கிறார். ஒரு விதவை எலி வீடு மாற்றுகிற கதைக்கு முழு இசைக்குழுவும் கோரஸும் எதற்கு என்கிறார். பாத்திரங்கள் பாடாத குழந்தைப் படம் குழந்தைப் படமே இல்லையாம். இசை பிள்ளைகளைப் பயமுறுத்துகிறதாம், படம் ஓடாமல் போனதற்கு அதுவே சாட்சியாம். ஐந்து நல்ல பாட்டுகள் இருந்திருந்தால் கரை சேர்ந்திருக்கும் என்று கடைசியில் வைத்தியமும் சொல்கிறார். அவர் படத்தைப் பார்த்திருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்டாரா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

படத்தைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ராபர்ட் சி. ஓ'பிரையன் 1971இல் எழுதிய நாவல்தான் மூலம். டிஸ்னி நிறுவனத்தில் வேலை பார்த்த டான் புளூத், அங்கே பழைய கைவண்ணம் செத்துக்கொண்டிருக்கிறது என்று 1979இல் சகாக்களோடு வெளியேறி எடுத்த முதல் முழுநீளப் படம். திருமதி பிரிஸ்பி கணவனை இழந்த வயல் எலி. அவளுடைய கடைக்குட்டி திமோதி நிமோனியாவில் படுத்திருக்கிறான், வெளிக்காற்று பட்டால் செத்துப்போவான். வீடு என்பது உழப்போகிற வயலின் நடுவே கிடக்கும் ஒரு ஹாலோ பிளாக் கல். உழவுக்கு முன் வீட்டை நகர்த்தியாக வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தில் ஊசி போட்டதில் அறிவு முளைத்துத் தப்பி வந்த பெருச்சாளிக் கூட்டத்திடம் அவள் உதவி கேட்டுப் போகிறாள். இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். அனிமேஷனுக்கு அவர் இசையமைத்தது அதுவே முதல் தடவை.

முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். எலிக்கு எதற்கு இவ்வளவு பெரிய இசை? இந்தக் கேள்வியைக் கேட்பவர் எங்கே நின்றுகொண்டு கேட்கிறார் என்று பாருங்கள். டிராக்டர் ஓட்டுகிற விவசாயியின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் எலி சின்னதுதான், அதன் பிரச்சினையும் சின்னதுதான். கோல்ட்ஸ்மித் உட்கார்ந்திருப்பது கீழே, வரப்பின் ஓரம், எலியின் கண் மட்டத்தில்.

டிராக்டர் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பார்க்கச் சொல்கிறேன், இந்தத் தடவை காதைத் திறந்து வைத்துக்கொண்டு. எதிர்பார்த்ததற்கு முன்பாகவே உழவு தொடங்கிவிடுகிறது. வயலில் குடியிருந்த பிராணிகளெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகின்றன. பிரிஸ்பியால் மட்டும் ஓட முடியாது. ஓடுகிறவர்களுக்கு எதிர்த்திசையில் அவளும் பக்கத்து வீட்டு ஷ்ரூ அத்தையும் டிராக்டரை நோக்கிப் போகிறார்கள். கீழ்ஸ்தாயியில் ஒரு தாளக்கட்டு விடாமல் இடிக்கிறது, மேலே பிராஸ் கருவிகள் வெட்டி வெட்டி விழுகின்றன. அடுத்த அடி எங்கே விழும் என்று காது பழகுவதற்குள் கணக்கு மாறிவிடுகிறது. ஒரு மனிதனுக்கு அது நாற்பது குதிரைச் சக்தியோ என்னவோ ஒரு வண்டி. அவளுக்கு அது மலை நகர்ந்து வருவது. மலை நகர்ந்து வரும்போது பின்னணியில் ஒற்றைப் புல்லாங்குழல் கிக்கிக்கீ என்று வாசித்திருந்தால் நம் கட்டுரையாளருக்குப் பொருத்தமாகப் பட்டிருக்கும். அந்தத் தாயின் பயத்தைக் கேலி செய்வதாகவும் இருந்திருக்கும்.

கார்ட்டூன் இசை என்றாலே அசைவுக்கு அசைவு ஒட்டிப் போவது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பூனை படியேறினால் ஸ்வரமும் படியேறும், வழுக்கினால் ட்ராம்போனும் வழுக்கும். 'மிக்கி மவுசிங்' என்று அதற்குத் தொழில் வட்டாரத்தில் பெயர். அதில் ஒரு குறையும் இல்லை, டாம் அண்ட் ஜெர்ரிக்கு ஸ்காட் பிராட்லி செய்ததைப் போல் செய்ய ஆளும் கிடையாது. ஏழு நிமிடத் துரத்தலுக்கு அது போதும். 82 நிமிடம் ஓடுகிற கதைக்கு, அதுவும் சாவு, துரோகம், கொலை எல்லாம் நடக்கிற கதைக்கு, காட்சியை மேலிருந்து கீழ் வரை தாங்கிப் பிடிக்கிற நீண்ட இழைகள் வேண்டும். கோல்ட்ஸ்மித் மனிதர்கள் நடித்த படத்துக்குப் போடுவது போலவே இதற்கும் போட்டார். குற்றம் என்று கட்டுரையாளர் சுட்டுகிற இடமும் அவருடைய சாதனை இருக்கிற இடமும் ஒன்றே.

பயமுறுத்துகிறதாம். பிள்ளைகளின் காதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர், அந்தக் காதுக்குள் ஏற்கெனவே என்னென்ன போயிருக்கிறது என்று விசாரித்திருக்கலாம். நான் மேலே சொன்ன பிராட்லி, 1944இல் வந்த 'புட்டின் ஆன் த டாக்' என்ற டாம் அண்ட் ஜெர்ரி படத்தில் பன்னிரு ஸ்வர முறையைக் கையாண்டவர். கச்சேரி அரங்கில் பெரியவர்கள் எழுந்து போகிற அந்த இசையை உலகம் முழுக்கக் குழந்தைகள் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தபடி கேட்டிருக்கிறார்கள். 1936இல் மாஸ்கோ குழந்தைகள் நாடக அரங்குக்காக புரோகோஃபியெவ் எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' என்ன மெத்தையா? ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள். வாத்து விழுங்கப்படுகிறது. கடைசியில், உயிரோடு விழுங்கப்பட்டதால் அது ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து கத்துவதை ஓபோவில் கேட்டபடிதான் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டும். டிஸ்னியின் 'பாம்பி' (1942) படத்தில் மனிதன் ஒரு பிரேமில்கூட முகம் காட்டுவதில்லை. அவன் வருகிறான் என்பதை ஒரு சின்ன ஸ்வரக்கூட்டம்தான் சொல்கிறது, காடே நடுங்குகிறது. பாத்திரங்கள் வாய் திறந்து பாடாத படமும் அதுவே. பாட்டுகள் உண்டு, ஆனால் எல்லாம் திரைக்கு வெளியிலிருந்து வருபவை. அப்படியானால் 'பாம்பி' குழந்தைப் படம் இல்லையா? கதாநாயகி பாறைமேல் ஏறி நின்று ஆசையைப் பாட வேண்டும் என்ற விதி 1989இல் 'தி லிட்டில் மெர்மெய்ட்' அடைந்த வெற்றிக்குப் பிறகு இறுகிப்போனது. அதற்கு ஏழு வருடம் முந்திய படத்தை அந்த விதியை வைத்து அளப்பது என்ன நியாயமோ.

பேய்ப்பட இசையமைப்பாளர் பேய்ப்பட கோரஸை இங்கேயும் கொண்டுவந்து இறக்கிவிட்டார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். 'தி ஓமன்' (1976) படத்துக்காக கோல்ட்ஸ்மித் ஆஸ்கர் வாங்கினார் என்ற தகவல் அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதற்கு மேல் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. 'சைனாடவுன்' படத்துக்கு ஒற்றை ட்ரம்பெட்டை ஏங்க வைத்தவரும் இதே ஆள். 1982ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ஒரே வருடத்தில் 'போல்டர்கைஸ்ட்', ராம்போவின் முதல் படமான 'ஃபர்ஸ்ட் பிளட்', இந்த எலிப் படம் மூன்றும் அவர் இசையில் வந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், 'போல்டர்கைஸ்ட்' முழுக்க முழுக்கப் பேய்ப்படம், அதன் மைய மெட்டு ஒரு தாலாட்டு. பேய் தூக்கிப்போகும் சிறுமிக்காகக் குழந்தைக் குரல்கள் முனகுகிற மெட்டு. எலிப் படத்தின் மைய மெட்டும் தாலாட்டுதான். பேய்ப்படத்தில் கனிவையும் குழந்தைப் படத்தில் பயத்தையும் வைக்கத் தெரிந்தவரைப் பார்த்து, பழைய பெட்டியைத் திறந்து கொட்டிவிட்டார் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அந்தத் தாலாட்டைக் கட்டுரையாளர் பெயருக்குக்கூடக் குறிப்பிடவில்லை. பாட்டே இல்லை என்று வாதிட வந்தவருக்கு அது இடைஞ்சல் அல்லவா? 'ஃபிளையிங் டிரீம்ஸ்' என்ற அந்தப் பாட்டுக்கு வரிகள் பால் வில்லியம்ஸ். நோயில் கிடக்கும் பிள்ளையின் காட்சியில் அதைப் பாடுவது சாலி ஸ்டீவன்ஸின் குரல். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது வில்லியம்ஸே பாடுகிறார். இடையில் வரிகள் கழன்று மெட்டு மட்டும் படத்துக்குள் அலைகிறது. பிரிஸ்பி யார், எதற்காக இவ்வளவு தூரம் போகிறாள் என்று யாரும் வசனம் பேசித் தெரிவிக்க வேண்டியதில்லை. கதை நின்று வழிவிட, ஒரு பாத்திரம் பாடி, பிறகு கதை தொடர்கிற பாட்டு ஒரு வகை. கதையின் நாடியிலேயே ஓடுகிற மெட்டு இன்னொரு வகை. முதல் வகையை மட்டும் பாட்டு என்று எண்ணுகிறவருக்கு இரண்டாவது காதில் விழாது.

ஓர் இடத்தில் அவரோடு நானும் உடன்படுகிறேன், படத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபமும் அதுவே. நாவலில் மந்திரம் கிடையாது. பெருச்சாளிகள் தங்கள் பொறியியல் மூளையால் வீட்டை நகர்த்துகின்றன. படத்தில் புளூத் ஓர் ஒளிவிடும் கல்லைக் கொண்டுவந்து புகுத்தினார். பெருச்சாளிகளில் ஒருவனான ஜென்னரின் சதியால் நகர்த்தும் வேலை குலைந்து, பிள்ளைகளோடு வீடு சேற்றில் அமிழும்போது, அந்தக் கல் பற்றி எரிந்து வீட்டைத் தூக்கிவிடுகிறது. அறிவைப் பற்றிய கதைக்கு அற்புதத்தால் முடிவு கட்டியது திரைக்கதையின் பிசகு. கட்டுரையாளர் என்ன செய்கிறார்? அந்தப் பிசகின் கணக்கையும் இசையின் பெயரில் எழுதுகிறார். கோரஸ் பொங்குவதால்தான் காட்சி செயற்கையாகத் தெரிகிறதாம். ஒலியை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் எஞ்சுவது ஒரு சிவப்பு வெளிச்சமும் மிதக்கிற கல்லும்தான். சேற்றின் முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற தாயிடமிருந்து அந்தச் சக்தி புறப்படுகிறது என்று நம்மை நம்பவைப்பது கீழிருந்து அடுக்கடுக்காக ஏறும் அந்த இசை மட்டுமே. எழுத்தாளர்கள் விட்ட ஓட்டையை இசையமைப்பாளர் அடைத்திருக்கிறார். அடைத்தவனைப் பிடித்து ஓட்டைக்குக் காரணம் நீ என்பது நல்ல கதை.

இனி வசூல். படம் வந்தது ஜூலை 1982. மூன்று வாரம் முன்பு ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' வந்து அமெரிக்கத் தியேட்டர்களை வளைத்துப் போட்டிருந்தது. அந்தக் கோடையில் நசுங்கியவர்களின் பட்டியலையும் பார்த்துவிடுவோம்: 'பிளேட் ரன்னர்', 'தி திங்'. இரண்டும் ஜூன் 25 அன்று, ஒரே நாளில் வந்து விழுந்தவை. முதலாவதற்கு இசை வாஞ்சலிஸ், இரண்டாவதற்கு என்னியோ மோரிக்கோனே. மோரிக்கோனேயின் அந்த இசையை அந்த வருடத்தின் மோசமான இசைக்கான கேலி விருதுக்கே பரிந்துரைத்தார்கள். இன்று அந்த இரண்டு இசையையும் யாராவது குறை சொல்லட்டும், என்ன ஆகிறது என்று பார்ப்போம். டிக்கெட் கவுண்டரை வைத்து இசையை அளந்தால் வாஞ்சலிஸையும் மோரிக்கோனேயையும் தூக்கிக் கிடப்பில் போட வேண்டியதுதான். அந்த வருட ஆஸ்கர் பரிந்துரையில் எலிப் படத்தின் இசை இல்லை என்பதையும் ஒரு ஆதாரமாக நீட்டுகிறார். கோல்ட்ஸ்மித் அதே பட்டியலில் 'போல்டர்கைஸ்ட்' படத்துக்காக இருந்தார், 'காந்தி' படத்துக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஃபென்டனும் இருந்தார்கள், விருதை 'இ.டி.'க்காக ஜான் வில்லியம்ஸ் வாங்கிப் போனார். இதிலிருந்து எலிப் படத்தின் இசை மோசம் என்று எப்படித்தான் பெற முடிந்ததோ, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடத் தெரிந்தவர்களுக்கே வெளிச்சம்.

மிச்சம் இருப்பது அவருடைய வைத்தியம். ஐந்து பாட்டுகள் வைத்திருந்தால் படம் பிழைத்திருக்குமாம். அந்த மருந்தை ஏற்கெனவே கொடுத்துப் பார்த்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை போலும். 1998இல், புளூத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லாமல், வீடியோவுக்காக மட்டும் ஒரு இரண்டாம் பாகம் எடுத்தார்கள். நோயாளிப் பிள்ளை திமோதி வளர்ந்து நாயகனாகிவிட்டான். எல்லோரும் பாடுகிறார்கள். பயம் இல்லை, கனம் இல்லை, கட்டுரையாளர் கேட்டது அத்தனையும் இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு பாட்டின் பல்லவியை அவர் முணுமுணுத்துக் காட்டட்டும், மேற்கொண்டு பேசலாம்.