வரலாறு சோறு போடுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன், கடமலைக்குண்டு)

இந்தக் கேள்வியை என்னிடம் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில் கேட்டவர் பள்ளியில் பதினோராம் வகுப்புச் சேர்க்கையின்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசிரியர். சமூக அறிவியலில் எப்போதும் நானே முதல்வன். ஆகவே வரலாற்றுப் பிரிவைக் கேட்டேன். "நல்ல மார்க்கை வைத்துக்கொண்டு கிறுக்கனாட்டம் பேசாதே" என்று சொல்லி அறிவியல் பிரிவில் பெயரை எழுதிவிட்டார். இரண்டாவதாகக் கேட்டவர் என் தந்தை. மூன்றாவது ஆள் நானேதான். இரவில் படுத்திருக்கும்போது கேட்டுக்கொள்வது.

என் தந்தையின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் இலவந்தோப்புகள் அதிகம். காய் முற்றும் காலத்தில் அவர் மரம் ஏறிக் காய் தட்டுவார். என் தாய் களத்தில் காயை உடைத்துப் பஞ்சு வேறு கொட்டை வேறாக அடித்துப் பிரிப்பார். மாலையில் இருவரும் வீடு திரும்பும்போது தலை முதல் கால் வரை பஞ்சு ஒட்டியிருக்கும். இரவு முழுவதும் இருமல் கேட்கும். ஊரார் மெத்தையில் உறங்க, பஞ்சு அடித்தவர்கள் பாயில் இருமுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "டே, தம்பி, செத்தவன் கதையப் படிச்சா எவன்டா சோறு போடுவான்?" என்று அவர் கேட்டால், அந்த இருமலோடு சேர்த்துத்தான் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நண்பர்களே, வரலாற்றை நேசிப்பவனுக்கு ஆசிரியர் வேலை ஒன்றுதான் உண்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் கிடைக்காவிட்டால் தேர்வாணையம் நடத்தும் குரூப் தேர்வு. நம் விடுதியிலேயே பாருங்கள், சேர சோழ பாண்டியரை விடிய விடிய மனப்பாடம் செய்கிறவர்கள் எத்தனை பேர்! வேலை கிடைத்த மறுநாள் அந்தப் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அந்தப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அது வயிற்றுக்காகப் படிப்பது. வரலாறே வேலையாக அமைவது வேறு. அப்படிப்பட்ட வேலை எங்கே இருக்கிறது என்று ஓராண்டாகத் தேடினேன். தேடியதில் முதலில் கண்ணில் பட்டது எங்கள் ஆண்டிபட்டி வட்டத்திலேயே இருந்தது.

வைகைக் கரையில் புளிமான்கொம்பை என்று ஓர் ஊர். 2006ஆம் ஆண்டில், நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் கா. ராஜன். கல்லில் தமிழ்ப் பிராமி எழுத்து இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட நடுகல் எழுத்து என்று அறிஞர் உலகமே திரும்பிப் பார்த்தது. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்துபட்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். தொல்காப்பியத்தின் வெட்சித் திணையில் வரும் சொல். தமிழ்த் தேர்வுக்காக நாம் நெட்டுருப் போடும் அந்தச் சொல், ஏட்டுக்கு வெளியே, நம் வட்டத்தின் மண்ணில், கல்லில் எழுதப்பட்டுக் கிடந்திருக்கிறது. அந்தக் கூடலூர் நம் கம்பம் பக்கத்துக் கூடலூராக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு.

இதைக் கண்டுபிடித்தவர்கள் மாணவர்கள் என்பதை மறுபடியும் சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் ஊர் ஊராய் நடந்தவர்கள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்து அந்தக் கல்லைத் தினமும் கடந்து போனவர்களும் நம்மைப் போன்றவர்கள்தாம்.

நானும் அப்படி ஒரு கல்லைக் கடந்து போனவனே. எங்கள் ஊருக்கு அப்பால், வாய்க்கால் ஓரத்தில், துணி துவைக்கும் கல் ஒன்று கிடந்தது. ஒரு நாள் வெயில் சாய்வாக விழுந்தபோது அதில் ஒரு கையும், கையில் வாளும் தெரிந்தன. பள்ளியிலிருந்து சாக்பீஸ் கொண்டுவந்து தேய்த்துப் பார்த்தேன். ஆள் உருவம் இடுப்பு வரை வந்தது. எவரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய செய்தி என்பதும் அப்போது தெரியாது. பிறகு வாய்க்கால் வேலை நடந்தது. கல்லைக் காணவில்லை. எந்தப் பாலத்துக்கு அடியில் அந்த வீரன் கிடக்கிறானோ! வரலாற்றுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்லக்கூடியது இந்த ஒரு கல்லைத்தான்.

இனி வேலைகளுக்கு வருவோம். மத்திய அரசின் தொல்லியல் துறை 1861இல் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கென்று தனித் துறை 1961இல் வந்தது. அகழாய்வு செய்வோர், கல்வெட்டுப் படிப்போர், அருங்காட்சியகக் காப்பாட்சியர், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய கோப்புகளைப் பேணுவோர், சுற்றுலா வழிகாட்டிகள் என்று பலவகை உண்டு. முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்குத் தொல்லியலும் கல்வெட்டியலும் கற்பிக்கும் பட்டயப் படிப்பை மாநிலத் தொல்லியல் துறையே சென்னையில் உதவித்தொகை கொடுத்து நடத்துகிறது. இவையெல்லாம் வரலாறும் தமிழும் படித்தவர்களுக்கு. "நீ வேதியியல்காரன், உனக்கு இதில் என்ன?" என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். அங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது.

சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள வெண்கலச் சிலைகளை நாம் படத்திலாவது பார்த்திருப்போம். அவற்றுள் பல, மண்ணுக்குள் புதைந்து கிடந்து எடுக்கப்பட்டவை. மண்ணில் உள்ள குளோரைடு உலோகத்துக்குள் புகுந்துவிடும். வெளியே எடுத்த பிறகு காற்றும் ஈரமும் பட்டதும் வெளிர்பச்சைப் பொடி கிளம்பும். உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டுக்கொண்டு போகும். இதற்கு வெண்கல நோய் என்றே பெயர். ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் தாங்கிய சிலை, கண்ணாடிப் பெட்டிக்குள் பொடியாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? 1930இல் அங்கே ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியல் அறிஞர் மின்னாற்பகுப்பு முறையில் அந்தச் சிலைகளுக்கு வைத்தியம் செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் ஓவியங்கள் எப்படித் தீட்டப்பட்டன என்பதை 1930களில் வேதியியல் வழியில் ஆராய்ந்தவரும் அவரே.

சிகிச்சை முடிந்தபின் சிலையை நீரில் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் வெள்ளையாகத் திரியக் கூடாது. திரிந்தால் குளோரைடு இன்னும் இருக்கிறது, மறுபடியும் கழுவ வேண்டும். நண்பர்களே, இது நாம் செய்முறை வகுப்பில் உப்பு ஆய்வு செய்யும்போது பார்க்கிற அதே வெள்ளை வீழ்படிவு! மதிப்பெண்ணுக்காகச் சோதனைக் குழாயைக் குலுக்கி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு நாம் மறந்துவிடுகிற ஒன்று, ஒரு நடராசரைக் காப்பாற்றும் என்று எவரும் நமக்குச் சொல்லவில்லை.

கரியைக் கொண்டு காலத்தைக் கணக்கிடும் முறையைக் கண்டுபிடித்த வில்லார்டு லிப்பியும் வேதியியல் அறிஞரே. 1960இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசும் வேதியியலுக்கானதே. கார்பன்-14 பாதியாகக் குறைய 5730 ஆண்டுகள் ஆகும் என்பது நம் பாடத்திலேயே இருக்கிறது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று 2019இல் அறிவித்தார்களே, அது இந்தக் கணக்கின் வளர்ந்த வடிவத்தில் வந்தது. அந்தக் கரி அமெரிக்காவில் மியாமி நகரத்து ஆய்வகத்துக்குப் போய்வந்தது. வைகைக் கரையின் கரி கடல் கடந்து போகத்தான் வேண்டுமா? நம் மாநிலத்தில் அப்படி ஓர் ஆய்வகம் அமைந்தால் எத்தனை இளைஞருக்கு வேலை! இது என் ஆசை. ஆசைப்படக் கட்டணம் இல்லை.

கீழடியை அகழ்வதற்கு முன் 2013-14இல் மத்தியத் தொல்லியல் துறையினர் வைகையின் இரு கரையிலும் களஆய்வு செய்து 293 இடங்களைக் குறித்தார்கள். வருசநாட்டு மலையில் பிறந்து எங்கள் ஊர்ப் பக்கமாக வரும் மூல வைகையும் அந்த வைகையே. மேலேயிருந்து ஓடிப்போகும் தண்ணீரைப் பற்றி மட்டும் நாம் பேசுகிறோம்.

சென்ற விடுமுறையில் பெரியப்பா மகன் அண்ணனோடு பேருந்து மாறி மாறிக் கீழடி அருங்காட்சியகம் போய்வந்தேன். 2023இல் திறக்கப்பட்டது. பானைகளுக்கு முன் நின்றபோது என் தாயின் நினைவு வந்தது. அங்கே குழிகளில் மண் அள்ளியவர்களில் சுற்றுவட்டாரத்துக் கிராமத்துப் பெண்கள் பலர். என் தாயும் நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்தவர்தான். ஒரே மண்வெட்டி, வெட்டும் இடத்தைப் பொறுத்து ஒன்று வரலாறு, ஒன்று வாய்க்கால்.

கனவை மட்டும் காட்டி ஏமாற்ற நான் எழுதவில்லை. இந்தப் பணியிடங்கள் மிகக் குறைவு. அறிவிப்பு எப்போது வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. படியெடுத்த கல்வெட்டுகளிலேயே இன்னும் அச்சேறாதவை பல்லாயிரம் இருக்க, படிக்கத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். வேலை இருக்கிறது, வேலைக்கு ஆள் வைக்கத்தான் மனம் இல்லை. அரசு இதற்குப் பதில் சொல்ல வேண்டும். மாநிலம் முழுவதும் பெருமை பேசும் கீழடிக்கு நிகராக, அதை ஆராய்கிற இளைஞனின் சம்பளத்தையும் பேச வேண்டும்.

சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே வரலாற்றை வாழ்ந்தவரும் உண்டு. ஐராவதம் மகாதேவன் வேதியியல் பட்டதாரி, பிறகு சட்டம் படித்தார், ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தார். அதற்கிடையே குகைகளில் ஏறிக் கல்வெட்டு படித்தார். மதுரைக்கு அருகில் உள்ள மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியனின் பெயரை அடையாளம் காட்டினார். 1977இல் சிந்து எழுத்துகளின் தொகுப்பு, 2003இல் தமிழ்ப் பிராமி பற்றிய பெருநூல். அவரைப் படித்தபின் பி.எஸ்ஸி.யில் சேர்ந்ததற்காக வருந்துவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

நம் ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். வரலாற்றுத் துறையும் வேதியியல் துறையும் நம் கல்லூரியில் எதிரெதிர்க் கட்டடங்களில் இருக்கின்றன. இடையில் ஒரு வேப்ப மரம் மட்டுமே. அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரே ஒரு நாள், இரு துறை மாணவர்களும் சேர்ந்து மூல வைகைக் கரையில் நடக்க அனுமதி தாருங்கள். பட்டவன் சாமி என்று பொங்கல் வைக்கும் கற்களையும், துவைக்கும் கற்களையும் படம் எடுத்துக் கணக்கெடுப்போம். தொல்லியல் துறைக்கு எழுதுவோம். செலவு, பேருந்துக் கட்டணமும் சாக்பீசும்.

நான் முதுகலை வேதியியல் முடித்து, மத்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவுக்கு முயல்வதாக இருக்கிறேன். டேராடூனில் இருக்கிறது அதன் தலைமையிடம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்த மலர் வீட்டுக்குப் போகும். அய்யாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது; தங்கைதான் படித்துக் காட்டுவாள். அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன், முதலில் தீயன் அந்தவன் வரும் இடத்தைப் படி என்று. மாடு களவு போன கதை என்றால் அவர் காது கொடுத்துக் கேட்பார்.