ஒன்றாதல் என்னும் சொல்

ஆங்கிலக் கிறித்தவ இறையியலின் கலைச்சொற்களுள் பெரும்பாலானவை இலத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ வந்தவை. 'அட்டோன்மென்ட்' அதற்கு விதிவிலக்கு. கிறிஸ்துவின் சிலுவை மரணத்தால் இறைவனும் மனிதனும் மீண்டும் இணைந்தனர் என்னும் கோட்பாட்டின் பெயர் அது. 'அட்', 'ஒன்' என்னும் இரு எளிய ஆங்கிலச் சொற்கள் கூடி, 'மென்ட்' என்னும் பின்னொட்டைப் பெற்றுப் பிறந்த சொல். பகை நீங்கி ஒன்றுபடுதலே அதன் முதற்பொருள். இன்று 'வன்' என ஒலிக்கும் எண்ணுப்பெயரின் பழைய ஒலி இச்சொல்லில் எஞ்சியிருக்கிறது. 'அலோன்' என்பதிலும் அதைக் கேட்கலாம்.

இச்சொல்லை உருவாக்கியவர் விவிலிய மொழிபெயர்ப்பாளர் வில்லியம் டிண்டேல் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியன்று. 1513 அளவில் தாமஸ் மோர் எழுதிய மூன்றாம் ரிச்சர்ட் வரலாற்றிலேயே, பிரபுக்களிடையே ஏற்பட்ட சமாதானத்தைக் குறிக்க அது வந்துவிட்டது. அதே மோர்தான் பின்னாளில் டிண்டேலைக் கடுமையாகச் சாடி நூல்கள் எழுதினார். 1535இல் மோரும் 1536இல் டிண்டேலும் கொல்லப்பட்டனர். ஒன்றுபடுதலைக் குறிக்கும் சொல் இருவருக்கும் பொதுவாயிருந்தும், அவர்கள் கடைசிவரை ஒன்றுபடவில்லை.

டிண்டேல் செய்தது வேறு. 1526இல் வெளிவந்த தம் புதிய ஏற்பாட்டில், ரோமர் 5:11இல் உள்ள 'கத்தல்லாகே' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இதை இட்டார். பகைவர் சமாதானமாவதைக் குறிக்கும் சொல் அது. 1530இல் வந்த ஐந்தாகம மொழிபெயர்ப்பில், பலியால் பாவம் நீக்குவதைக் குறிக்கும் 'கிப்பேர்' என்னும் எபிரேயச் சொல்லுக்கும் இதையே ஆண்டார். ஒரு சொல் இரு சுமைகளை ஏற்றது.

நாளடைவில் ஒரு சுமை மற்றதை நசுக்கிவிட்டது. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் விவிலியம் ரோமர் நிருபத்தில் இச்சொல்லைத் தக்கவைத்தது. 1881ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு அங்கே 'ரெக்கன்சிலியேஷன்' என்று மாற்றியது. இன்றைய ஆங்கிலப் பேச்சில் இச்சொல் செய்த தவற்றுக்கு ஈடுகட்டுவதையே பெரும்பாலும் குறிக்கிறது. இருவர் கூடும் சொல், ஒருவர் கடன் தீர்க்கும் சொல்லாகிவிட்டது.

சொல்லின் பிறப்பைக் காட்டிக் கோட்பாட்டை நிறுவ முடியாது என்பர். ஒப்புக்கொள்ளலாம், மூலநூல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை அல்லவே. ஆயினும் பலியின் நோக்கத்தை ஒரு மொழிபெயர்ப்பாளர் எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதற்கு அவர் தேர்ந்த சொல் சான்று. ஈடு வழி, கூடுதலே முடிவு. அதை மறந்த இறையியல் கணக்குப் புத்தகமாகிவிடும் என்பது என் கருத்து.

தமிழில் பரவலாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, லேவியராகமத்தில் 'பாவநிவிர்த்தி' என்றும், ரோமரில் 'ஒப்புரவாகுதல்' என்றும் பிரித்தே சொல்கிறது. ஒப்புரவுக்குக் குறள் தனி அதிகாரமே வகுத்திருக்கிறது; அங்கே அது உலகத்தாரோடு இயைந்து உதவி வாழ்தல். ஆங்கிலம் தொலைத்த பொருளைத் தமிழ் வாசகர் இச்சொல்லில் இன்றும் கேட்கலாம்.