கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்?

"கொஞ்சம் கூடுதல் விலையானாலும் பரவாயில்லை, உசத்தியான ஆயிலாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் பழைய காரின் கியர்பாக்ஸில் ஊற்றுபவர்கள் உண்டு. டப்பாவில் போட்டிருக்கும் ஜிஎல் எண்ணில் 4ஐ விட 5 பெரியது என்பதால் தரமும் கூடுதல் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த எண் தரவரிசை அல்ல, எந்த வேலைக்கு என்பதற்கான அடையாளம்.

டப்பாவில் இரண்டு விஷயங்கள் இருக்கும். 80டபிள்யூ-90 என்பது ஆயிலின் கெட்டித்தன்மை. கியர் ஆயிலுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் அளவுகோல் வேறு. 90 கியர் ஆயிலின் கெட்டித்தன்மை, ஏறத்தாழ 40 அல்லது 50 என்ஜின் ஆயிலுக்குச் சமம். எம்ஜிபி காரின் நான்கு கியர் பெட்டியில் 20டபிள்யூ-50 என்ஜின் ஆயிலே ஊற்றப்பட்டது. 1959இல் வந்த மினியில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான்.

இரண்டாவது, ஜிஎல் எண். அது சொல்வது, கியர் பல் தேயாமல் காக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் எவ்வளவு பளுவைத் தாங்கும் என்பதை. பின் அச்சின் கிரவுன் சக்கரத்தில் ஹைப்பாய்டு பற்கள் பெரும் பளுவோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சுழலும். அங்கே ஜிஎல்-5 தேவை. கியர்பாக்ஸின் கதை வேறு. கியர் மாற்றும்போது சிங்க்ரோ வளையம் கியரின் கூம்பை இறுகப் பிடித்து, கியரின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் பிடிமானம் போய், 'கர்ர்' என்று பல் உரசும். பழைய கார்களில் அந்த வளையம் பெரும்பாலும் பித்தளை அல்லது வெண்கலம். சில ஜிஎல்-5 ஆயில்களின் கந்தகம், சூட்டில் செம்புக் கலவையை அரிக்கும். இப்போதைய ஜிஎல்-5களில் பல செம்பை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆனாலும் வழுக்கல் பிரச்சினை தீர்ந்துவிடாது.

ஆகவே முதலில் காரின் கையேட்டைப் பாருங்கள். என்ஜின் ஆயில் என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். 90 கியர் ஆயில் என்று மட்டும் இருந்து, சிங்க்ரோவும் இருந்தால், ஜிஎல்-4 பொருத்தமானது. 'ஜிஎல்-4/ஜிஎல்-5' என இரண்டும் போட்ட டப்பாவை, சிங்க்ரோவுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஆயில் மாற்றும்போது, ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து அசையாவிட்டால், ஆயிலை வடித்துவிட்ட பெட்டியில் மறுபடி ஊற்ற வழியிருக்காது. வடித்த ஆயிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொன்னிறத் தூள் நிறைய மினுங்கினால் வளையம் வெகுவாகத் தேய்கிறது. தேய்ந்த வளையத்தை எந்த ஆயிலும் சரிசெய்யாது, அதை மாற்றப் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.