பாட்டி பாவாடையில் பூர்வீகம்

கேள்வி: சிட்லிங்கி தண்டாக்களில் இருப்பவர்களுக்குப் பூர்வீகம் எது?

பதில்: அரூர் பக்கத்துச் சிட்லிங்கி லம்பாடிகளின் முன்னோர் வடக்கே ராஜஸ்தானிலிருந்து இறங்கியவர்கள் என்பது வழிவழியாகச் சொல்வது. பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போனவர்கள். ரயில் வந்தது, தொழில் படுத்தது. தங்கிய இடத்திலேயே ஏர் பிடித்தார்கள்.

பூர்வீகத்துக்குச் சாட்சி பாட்டிகளின் பாவாடை, ரவிக்கையில் இருந்த பூத்தையல். சேலைக்கு மாறியதும் அது மறந்துபோனது. 2006 வாக்கில் தேடியபோது, தையல் தெரிந்தவர்கள் இரண்டே இரண்டு வயதான பெண்கள்! நல்லவேளை, அவர்கள் இருந்தார்கள். பேத்தி வயதுப் பெண்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். அமைப்புக்குப் பெயர் ‘போர்கை’. லம்பாடிப் பேச்சில் பெருமை என்று பொருள். வெளியூர் வேலைக்குப் போகாமல், வீட்டுத் திண்ணையிலேயே தைத்துச் சம்பாதிக்கிறார்கள்.