ஒருத்தர் மிதித்தால் என்ன ஆகிவிடும்?



போன வாரம் நான் போட்ட கேன்யன்லேண்ட்ஸ் படங்களோடு, "அங்கே போகிறவர்கள் பாதையை விட்டு இறங்காதீர்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஒரு பழைய மாணவர், "வெறும் மண்ணுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு கட்டுப்பாடு? ஒருத்தர் மிதிச்சா என்ன ஆகிடும்?" என்று கேட்டிருந்தார். பதினேழு பேர் அதற்கு லைக் வேறு போட்டிருக்கிறீர்கள்! அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தப் பூங்கா. கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் அறுத்த பள்ளத்தாக்குகள். 1964-இல் தேசியப் பூங்கா ஆனது. பாலைவனம்தான், ஆனால் உயரமான இடம் என்பதால் குளிர்காலத்தில் பனி விழும். மகளும் மருமகனும் ஜனவரியில் அழைத்துப் போனார்கள். கூட்டமே இல்லை. மேசா ஆர்ச் என்ற கல் வளைவுக்குள் பார்த்தால் தூரத்தில் லா சால் மலைகள் வெள்ளை வெளேரென்று தெரிகின்றன.

பாதைக்கு இரண்டு பக்கமும் பனி உருகிய இடங்களில் மண் கறுப்பாக, குட்டிக் குட்டிக் கோபுரங்கள் போலப் புடைத்து நிற்கிறது. அது வெறும் மண் இல்லை. உயிருள்ள மேலோடு. நுண்ணுயிர்களும் லைக்கனும் பாசியும் சேர்ந்து கட்டியது. நம் வயலில் உரமாகப் போடுகிறோமே நீலப்பச்சைப்பாசி, அந்தக் குடும்பம்தான் இங்கே முக்கியமான கொத்தனார். ஈரம் பட்டதும் மெல்லிய இழைகளாக மண்ணுக்குள் நகரும். பின்னால் விட்டுச் செல்லும் பிசின் போன்ற உறை மணல் துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக மாற்றித் தருவதும் அதுவே. குளிர்காலத்தில் நீர் உறைந்து உருகுவதால்தான் அந்தக் கோபுர வடிவம் வருகிறது. நாம் செத்த மண் என்று நினைக்கிற அந்த மாதங்களில்தான் அது உயிரோடு வேலை செய்கிறது.

ஒரு செருப்புக் கால் போதும், அது நொறுங்கிவிடும். திரும்ப வளரப் பல ஆண்டுகள். லைக்கனும் பாசியும் முழுதாக வரப் பல பத்தாண்டுகள். போட்டோவுக்கு நிற்பதோ பத்து வினாடி!

அங்கேயே ஒரு தம்பி, நம் தமிழ்ப் பையன்தான், படம் எடுக்க அதன்மேல் நடந்தார். சொன்னேன். "ஏற்கனவே காலடி இருக்கே ஆன்ட்டி, நான் ஒருத்தன்தானே" என்றார். முந்தின காலடிக்குச் சொந்தக்காரரும் இதையேதான் சொல்லியிருப்பார். ஒற்றையடிப் பாதையை யாரும் கூடிப் பேசிப் போடுவதில்லை. ஒவ்வொருவராக நடந்தே அது விழுகிறது. சிறு துளி பெருவெள்ளம் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

"அப்படியானால் வேலி போட வேண்டியதுதானே?" என்பீர்கள். 3 லட்சத்து 37 ஆயிரம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. எங்கே போடுவது? வேலி இருந்தால்தான் ஒழுங்காக நடப்பேன் என்பது வளர்ந்த மனிதர் பேசுகிற பேச்சா?

நஷ்டம் அந்த இடத்தோடும் நிற்பதில்லை. மேலோடு உடைந்த மண் காற்றில் தூசியாகப் பறக்கிறது. ராக்கி மலைப் பனிமேல் படிகிறது. கறுத்த பனி வெயிலை அதிகம் உறிஞ்சி, காலத்துக்கு முன்பே உருகிவிடுகிறது. அந்தப் பனிதான் கொலராடோ ஆற்றுக்குத் தண்ணீர். சுமார் 4 கோடிப் பேர் அந்த ஆற்றை நம்பி இருக்கிறார்கள். மாடு மேய்த்ததும் வண்டி ஓட்டியதும் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. அவன் பெரிதாக உடைத்தான் என்பதற்காக நான் சின்னதாக உடைக்கலாமா?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளே, குளிர்காலத்தில் கட்டாயம் போய்ப் பாருங்கள். பனி மூடிய பாதை தெரியாவிட்டால், வழி காட்ட அடுக்கி வைத்திருக்கும் கற்குவியல்களைத் தேடுங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். பாறைமேல் நடக்கலாம், மணல் ஓடையில் நடக்கலாம், கறுத்த மண்ணில் கால் வைக்காதீர்கள். கூட வரும் குழந்தைகளைக் குனிந்து அதை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த குழந்தை மிதிக்காது.

லைக் போட்ட அந்தப் பதினேழு பேரும் பதில் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

உங்கள் டீச்சர்