சூரியன் பொதுதான், கூரை யாருது?

'சூரியனுக்குச் சாதி தெரியாது' என்கிறார்கள். மேடையில் கேட்க நல்லாத்தான் இருக்கு. கொல்லிமலை அடிவாரத்தில், பேளுக்குறிச்சிப் பக்கம், களை எடுக்கிற பெண்ணின் முதுகிலும் வரப்பில் நிற்கிற பண்ணாடியின் குடைமேலும் ஒரே வெயில்தான் விழுகிறது. ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த வெயிலைப் பிடிக்க ஒரு கூரை வேணும். கூரை நிற்க மண் வேணும். மண்ணுக்குப் பட்டா வேணும். இந்த மூணுக்கும் சாதி நல்லாவே தெரியும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தைக் கொண்டுவந்தது. 75,021 கோடி ரூபாய். ஒரு கோடி வீடுகள். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 மானியம். ஒரு கிலோவாட் பலகைக்குச் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத சொந்தக் கூரை வேண்டும். பலகையை முதலில் மாட்ட வேண்டும், மானியம் பிறகு வரும். அதுவரைக்கும் கைக்காசு, இல்லாவிட்டால் வங்கிக் கடன்.

இப்போது வளவுக்குள் வாருங்கள். தொகுப்பு வீட்டின் மேல்தளம் பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழை வந்தால் உள்ளே குண்டான் வைக்கிறோம். அதன் மேல் எதை ஏற்றுவது? ஒரே வீட்டில் அண்ணன் தம்பி மூன்று குடும்பம். பட்டா செத்துப்போன தாத்தா பேரில். எந்த மேலாளர் கூப்பிட்டுக் கடன் கொடுப்பார்?

இன்னொரு கணக்கும் இருக்கு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தமிழ்நாட்டில் 2016-லேயே வந்துவிட்டது. ரெண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு டி.வி. ஓடுகிற வீட்டில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கு? ஏ.சி. ஓடுகிற மாடிவீட்டுக்குத்தான் மிச்சம். ஆக, அதிகம் எரிக்கிறவனுக்கு அதிக மானியம். இதுக்குப் பேரு ஏழைக்கு வெளிச்சமாம்!

'மாதிரி சூரிய கிராமம்' என்று ஒரு போட்டியும் அதில் உண்டு. மாவட்டத்துக்கு ஒரு கிராமம், ஒரு கோடி ரூபாய். எந்தக் கிராமத்தில் அதிகத் திறனுக்குப் பலகை ஏறியிருக்கோ, அதுக்குப் பரிசு. ஏற்கெனவே மாடி இருக்கிற ஊர்தான் ஜெயிக்கும். அந்தக் கணக்கில் கிராமம் என்றால் ஊரா, சேரியும் சேர்ந்ததா? கேளுங்கள் தோழர்களே.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. 2011-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த பசுமை வீடு திட்டம் வீட்டையும் விளக்கையும் சேர்த்தே கொடுத்தது. 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்குகள். முதலில் வீடு, அப்புறம் விளக்கு. வரிசை சரி. ஆனால் ஐந்து விளக்கு என்பது கருணை. மின்சாரத்தை உற்பத்தி செய்து விற்பது என்பது சொத்து. நமக்கு விளக்கு, அவர்களுக்குச் சொத்து என்று பிரித்தது யார்?

இனிக் காட்டுக்குப் போவோம். கவலை ஓட்டிய காலத்தில் கிணற்றின் தோல் தும்பியைத் தைத்தது யார்? அருந்ததிய மக்கள். இறைப்புக்கு விடியுமுன் மாட்டை ஓட்டியது யார்? பண்ணையத்தில் கிடந்த நம் தாத்தன்கள். ஆயில் எஞ்சின் வந்தது, கரண்டு மோட்டார் வந்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. தும்பியும் போச்சு, தைத்தவன் பிழைப்பும் போச்சு. கிணறு மட்டும் கை மாறவே இல்லை. இப்போது சூரிய பம்புசெட்டு. 2019-ல் தொடங்கிய 'பி.எம். குசும்' திட்டத்தில் மத்திய அரசு 30 பங்கு, மாநில அரசு 30 பங்கு, விவசாயி 40 பங்கு. ஆதிதிராவிடர், பழங்குடிச் சிறு குறு விவசாயிக்குத் தமிழ்நாட்டில் கூடுதல் மானியமும் உண்டு. நல்லதுதான். நூற்றுக்கு நூறே கொடுத்தாலும் பம்பை எங்கய்யா நடுறது, அம்மிக்கல்லு மேலயா? 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 சதவீதத்துக்கும் குறைவு.

நமக்கு மண்ணே இருந்ததில்லையா? இருந்தது. 1892-ல் ட்ரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே? அதைக் கேட்டதற்காக 1994-ல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதே மண்ணில் பலகை நட வருகிறவன் எவனாக இருந்தாலும் நாம் மறிப்போம்.

கர்நாடகத்தின் பாவகடாவைப் பாருங்கள். சுமார் 13,000 ஏக்கரில் சூரியப் பூங்கா. நிலம் உள்ளவனுக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாயில் தொடங்கிய குத்தகை. அந்த நிலத்தில் களை எடுத்து, அறுத்துப் பிழைத்த கூலிக்கு? குத்தகைப் பத்திரத்தில் அவள் பேர் இல்லை. நம் ராமநாதபுரம் கமுதியில் பலகை துடைக்கவும் ரோபோ வந்துவிட்டது. துடைக்கிற கூலிகூட நமக்கு மிஞ்சாது.

'அப்படின்னா சோலாரே வேணாங்கறீங்களா?' என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். இல்லை. வேணும். நமக்குத்தான் முதலில் வேணும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் மின்சாரத்தையும் பாசனத்தையும் கையாண்டவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1947-ல் அவர் எழுதிக் கொடுத்த திட்டத்தில் முக்கியத் தொழில்கள் அரசுடைமை, நிலமும் அரசுடைமை, பண்ணையாரும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை. ஆளுக்கொரு மானியம் அவர் கேட்டதல்ல. உடைமையையே மாற்றச் சொன்னார்.

ஆகவே நம் கோரிக்கை இதுதான். இடியும் தொகுப்பு வீடுகளை அரசே புதிதாகக் கட்டிப் பலகையோடு கொடுக்கட்டும். பட்டாவைப் பெண்கள் பேரில் எழுதட்டும். மீட்ட பஞ்சமி நிலத்தில் சேரி மக்கள் கூட்டாக மின்நிலையம் நடத்தட்டும். விற்ற மின்சாரத்தின் பணம் வளவுக்கு வரட்டும். முடியாத காரியமா? கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவி மின்சாரம் விற்றது. ஊராட்சிக்கு முடிந்தது சேரிக்கு ஏன் முடியாது? அதற்குப் பணமும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாடு 2024-ல் சட்டமே போட்டிருக்கிறது. கொல்லிமலைப் பழங்குடிகளோடு கைகோர்த்துக் கேட்போம்.

இன்றைக்குக் கூரையில் ஏறுகிற பலகை 25 வருசம் நிற்கும். இப்போது விடுபட்டவன் இன்னொரு தலைமுறைக்கு விடுபட்டவன்தான். மனு எழுதிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றது போதும். சேரி சேரியாகக் கணக்கெடுப்போம்: எத்தனை கூரை, எத்தனை பட்டா, எத்தனை கிணறு. அந்தக் கணக்கோடு தெருவுக்கு வருவோம்.

வெயில் சுட்டது எங்கள் முதுகை. அதன் விளைச்சலிலும் எங்களுக்குப் பங்கு உண்டு!