பட்டியல் யார் கண்ணில் பட வேண்டும்?

பிஎம் கிசான் இணையதளத்தில் உங்கள் வட்டாரத்துக் கிராமம் ஒன்றின் பயனாளிகள் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெயர் இருக்கும், ஆணா பெண்ணா என்பது இருக்கும். தகப்பனார் பெயர் கிடையாது, சர்வே எண் கிடையாது. ஊரில் நாலு முருகேசன் இருந்தால், பணம் வாங்குவது மேலத்தெரு முருகேசனா, திருப்பூருக்குக் குடிபோன முருகேசனா என்று அந்த ஊருக்குப் பொறுப்பான உதவி வேளாண்மை அலுவலராலேயே சொல்ல முடியாது. பட்டியலை வெளியிட்டாயிற்று என்று கணக்கு மட்டும் எழுதிவிடுகிறோம்.

இதனால் வந்த வினையை 2020-இல் நம் வேளாண்மைத் துறை அனுபவித்தது. விவசாயிகள் தாங்களே பதிந்துகொள்ளலாம் என்று திறந்த வழியில் இடைத்தரகர்கள் புகுந்தார்கள். அலுவலகக் கடவுச்சொற்கள் அவர்கள் கைக்குப் போயின. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டதாகவும், சுமார் 110 கோடி ரூபாய் போனதாகவும் மாநில அரசே அறிவித்தது. சிபிசிஐடி விசாரணையும் பணியிடை நீக்கங்களும் நமக்குத் தெரிந்தவையே. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்கில் தமிழகத்தின் எண்ணிக்கை 7.22 லட்சம் ஆகிவிட்டது. கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதார் நகலைக் கொடுத்த கூலித் தொழிலாளர்களின் கணக்கிலிருந்தும் பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது.

ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர் பெயரை ஊர்க்கூட்டத்தில் வாசித்திருந்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும். அந்த ஆண்டு கொரோனாவால் கிராம சபைகள் கூடவில்லை, உண்மைதான். ஆனால் ஊராட்சி அலுவலகச் சுவரில் தாளை ஒட்ட யார் தடுத்தார்கள்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே அரசு அலுவலகம் வெளியிட வேண்டும் என்று 2005-இலேயே சொல்லிவிட்டது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தியிருப்பதால், ‘இது தனிப்பட்ட தகவல்’ என்று மனுவைத் திருப்பி அனுப்புவது இனி சுலபம். அந்தச் சுலபத்துக்கு நாம் பழகிவிடக் கூடாது. நான்காம் பிரிவும் அப்படியே இருக்கிறது. பொதுநலன் கருதித் தகவல் தரலாம் என்ற 8(2)-உம் இருக்கிறது.

அந்தரங்கம் பற்றிய கவலை பொய்யல்ல. ஜெர்மானிய விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தொகை, காலம் எதையும் பாராமல் மானியம் வாங்கும் தனிநபர்களின் பெயர்களை எல்லாம் வெளியிடுவது அளவு மீறியது என்றது. அதற்காக அங்கே பட்டியலை நிரந்தரமாக மூடிவிடவில்லை. பின்னர் ஆண்டுக்கு 1,250 யூரோவுக்குள் வாங்குவோரின் பெயரை மட்டும் மறைத்து மற்றதை வெளியிட்டார்கள். நம் பிஎம் கிசான் தரும் 6,000 ரூபாய் எல்லோருக்கும் ஒரே தொகை. அதை வைத்து ஒருவரின் வருமானத்தை எடைபோட முடியாது. லட்சங்களில் போகும் டிராக்டர், பவர் டில்லர் மானியத்துக்கோ ஒளிவுமறைவு அறவே பொருந்தாது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைபேசி எண் வேண்டாம். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், சர்வே எண், தொகை, திட்டம் போதும்.

காவிரி டெல்டாவில் பட்டியலை வாசித்தால் இன்னொரு சிக்கலும் கிளம்பும். பட்டா சென்னையில் இருப்பவர் பெயரில், உழுவது குத்தகைக்காரர், பணம் போவது பட்டாவுக்கு. இதில் மோசடி எதுவும் இல்லை, விதியே அப்படித்தான். நம்மில் பலர் பட்டியலை வெளியே எடுக்கத் தயங்குவதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கேள்வி வரட்டும். பதில் நம் அதிகாரத்தில் இல்லைதான். அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி இணை இயக்குநருக்கு அனுப்புவதை யாரும் தடுக்க முடியாது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது பட்டியலின் இரண்டு நகல்களைக் கையோடு கொண்டுபோங்கள், ஒன்று வாசிக்க, ஒன்று சுவரில் ஒட்ட.